ஆம்ப்ளிஃபயர் இண்டிகேட்டர் எல்.இ.டி.க்கு எந்த ரெசிஸ்டர்? கடலோரத்து மைக்செட்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

உச்சிப்புளியில் ஆம்ப்ளிஃபயர் சர்வீஸ் செய்கிறேன். ராமநாதபுரம் தொடங்கி மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் வரை மைக்செட் வைத்திருப்பவர்கள் வருவார்கள். கீழக்கரை, ஏர்வாடிப் பக்கத்திலிருந்து தொழில் பழகும் பையன்கள் வருவார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம் என்பதால், அந்த 61 நாளில் படகில் இருக்கும் செட்டையும் கழற்றிக் கொண்டுவந்து விடுவார்கள். பெரிய பழுதைப் பற்றிக் கேட்பதைவிட முன்பக்கத்தில் எரியும் அந்தச் சின்ன விளக்கைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன். கேள்விகள் அவர்கள் கேட்டபடியே இருக்கின்றன.

எல்.இ.டி.க்கு எதுக்குண்ணே ரெசிஸ்டர்? பல்பு மாதிரி நேரா கொடுத்தா எரியாதா?

எரியும், ஒரு நொடி. பழைய டார்ச் பல்பில் இருக்கும் இழை சூடாகச் சூடாகத் தன் மின்தடையைத் தானே கூட்டிக்கொள்ளும். அதனால் 6 வோல்ட் பல்புக்கு 6 வோல்ட் கொடுத்தால் கரண்டை அதுவே அளவாக எடுத்துக்கொள்ளும். எல்.இ.டி.க்கு அந்தக் குணம் கிடையாது. ஒரு சிவப்பு எல்.இ.டி.யில் 1.6 வோல்ட் வரை கரண்ட் போவதே தெரியாது. 1.8க்கு வந்தால் கொஞ்சம் போகும். 2 வோல்ட்டைத் தாண்டினால் மடை திறந்தது போலப் பாயும். அதைத் தடுத்து அளவாக அனுப்ப ஒருவர் வேண்டும். அந்த வேலையைத்தான் ரெசிஸ்டர் செய்கிறது.

எனக்கு ஃபார்முலா எல்லாம் வராது. சுலபமா கணக்குப் போட வழி இருக்கா?

ஒரு கழித்தல், ஒரு வகுத்தல், அவ்வளவுதான். சப்ளை வோல்ட்டிலிருந்து எல்.இ.டி. பிடித்துக்கொள்ளும் வோல்ட்டைக் கழியுங்கள். மிச்சத்தை எத்தனை மில்லி ஆம்பியர் வேண்டுமோ அதால் வகுங்கள். வோல்ட்டை மில்லி ஆம்பியரால் வகுத்தால் விடை கிலோ ஓமில் வரும். சைபரை எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம்.

12 வோல்ட் சப்ளை, சிவப்பு எல்.இ.டி., 5 மில்லி ஆம்பியர் என்று வைப்போம். 12லிருந்து 2 போனால் 10. பத்தை ஐந்தால் வகுத்தால் 2 கிலோ ஓம். கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் வரிசை 10, 12, 15, 18, 22, 27, 33, 39, 47, 56, 68, 82 என்று போகும். இதே எண்கள்தான் புள்ளியும் சைபரும் மாறி 1.8, 18, 180 என்று வரும். அதில் 2 கிலோ இல்லை. 1.8 இருக்கிறது, 2.2 இருக்கிறது. இப்படி இரண்டுக்கும் நடுவில் விடை வரும்போது எப்போதும் பெரியதையே எடுங்கள். 2.2 கிலோ போட்டால் 4.5 மில்லி ஆம்பியர் போகும். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, விளக்குக்கு ஆயுள் கூடும்.

எந்தக் கலருக்கு எத்தனை வோல்ட்னு எப்படித் தெரியும்?

சிவப்பு 1.8 முதல் 2 வரை. மஞ்சளும் ஆரஞ்சும் 2 முதல் 2.2 வரை. நீலமும் வெள்ளையும் 3 முதல் 3.4 வரை. குழப்பம் வருவது பச்சையில்தான், ஏனென்றால் பச்சையில் இரண்டு இனம் இருக்கிறது. பழைய ஆம்ப்களில் இருக்கும் கொஞ்சம் மஞ்சள் கலந்த பச்சை 2.1 வோல்ட் பக்கம் நிற்கும். கண்ணைக் கூசும் புதுப் பச்சை நீலத்தின் உறவு, 3 வோல்ட்டுக்கு மேல் பிடிக்கும்.

சந்தேகமாக இருந்தால் ஒரு 9 வோல்ட் பேட்டரியும் 1 கிலோ ரெசிஸ்டரும் எடுத்து, எல்.இ.டி.யோடு வரிசையாக இணைத்து எரியவிட்டு, அதன் இரண்டு காலிலும் மீட்டரை வையுங்கள். காட்டும் எண்தான் விடை. நீளமான கால் பாசிட்டிவ். காலை வெட்டிவிட்டீர்கள் என்றால் விளிம்பு தட்டையாக இருக்கும் பக்கம் நெகட்டிவ். மல்டிமீட்டரின் டயோடு சோதனையை மட்டும் நம்ப வேண்டாம். பல மீட்டர்களுக்கு நீலத்தை எரியவைக்கும் அளவு வோல்ட் கிடையாது. நல்ல நீல எல்.இ.டி.யைச் செத்தது என்று தூக்கிப் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

எத்தனை மில்லி ஆம்பியர் கொடுக்கணும்? கடையில 20னு சொல்றாங்களே.

20 என்பது 3 மில்லிமீட்டர், 5 மில்லிமீட்டர் எல்.இ.டி.கள் பெரும்பாலானவற்றில் விடாமல் கொடுக்கக்கூடிய மேல் எல்லை. அங்கேதான் ஓட வேண்டும் என்று கட்டாயம் இல்லை. முந்தைய சிவப்பு எல்.இ.டி.களுக்கு 10, 15 கொடுத்தால்தான் பகலில் எரிவது தெரியும். இன்று கடையில் கிடைப்பவை ஒரு மில்லி ஆம்பியரிலேயே பளிச்சென்று எரிகின்றன. என் அளவு இதுதான்: சிவப்பு, மஞ்சள், பழைய பச்சை என்றால் 2 முதல் 3, நீலம், வெள்ளை, புதுப் பச்சை என்றால் அரை மில்லிக்குக் கிட்டத்தட்ட.

இதை நான் இவ்வளவு வற்புறுத்தக் காரணம் இருக்கிறது. மைக்செட்காரருக்கு விளக்கு வேலை செய்யும் நேரம் ராத்திரி. கொடை நடக்கும் கோயில் பக்கத்தில், தர்கா பந்தலில், மாதா கோயில் தேர் போகும் தெருவில், பக்கத்து விளக்கையெல்லாம் அணைத்த இருட்டில் உட்கார்ந்து மிக்ஸரைப் பார்க்கிறோம். அங்கே நீல எல்.இ.டி. ஒன்று 10 மில்லி ஆம்பியரில் எரிந்தால் அதற்குப் பக்கத்தில் எட்டிப் பார்க்கும் சிவப்பு கிளிப் விளக்கு, அதாவது ஒலி எல்லை மீறி வெட்டுப்படுகிறது என்று எச்சரிக்கும் விளக்கு, கண்ணுக்குத் தெரியாமல் போகும். கிளிப் தெரியாமல் ஒரு மணி நேரம் ஓட்டினால் ஹாரன் ஸ்பீக்கர் யூனிட்டுக்குள் இருக்கும் கம்பிச் சுருள் (காயில்) கருகிவிடும். ஆக, பவர் விளக்கின் ரெசிஸ்டர் குறைந்ததால் ஸ்பீக்கர் போன கதையும் உண்டு.

கணக்கில் திருப்தி வராதவர்களுக்கு ஒரு வழி. 100 கிலோ வால்யூம் கண்ட்ரோல் ஒன்றை எடுத்து, அதோடு 1 கிலோ ரெசிஸ்டரைச் சேர்த்து எல்.இ.டி.க்கு முன்னால் போடுங்கள். உங்கள் சப்ளை 15 வோல்ட்டைத் தாண்டினால் 1 கிலோவுக்குப் பதில் 4.7 கிலோ அரை வாட். ராத்திரி லைட்டை அணைத்துவிட்டு, உறுத்தாமலும் தேடாமலும் தெரியும் வரை திருப்புங்கள். பிறகு கழற்றி இரண்டும் சேர்ந்து எத்தனை ஓம் என்று அளங்கள். அதற்குப் பக்கத்து ரெசிஸ்டரைப் போட்டுவிடலாம். கண் சொல்லும் தீர்ப்புதான் இதில் கடைசி.

கால் வாட்டா, அரை வாட்டா? எல்லாத்துக்கும் கால் வாட் போட்டாப் போதாதா?

12 வோல்ட்டில் போதும். பெரிய ஆம்ப் என்றால் போதாது. 24-0-24, அதாவது நடுக்காலிலிருந்து இரு பக்கமும் 24 வோல்ட் ஏ.சி. தரும் ட்ரான்ஸ்ஃபார்மர் உள்ள ஆம்பில் ஒரு பக்கம் 33 வோல்ட் டி.சி. நிற்கும் (ஏன் என்பதை அடுத்த கேள்வியில் சொல்கிறேன்). அங்கே சிவப்புக்கு 10 மில்லி ஆம்பியர் கொடுக்க 3.3 கிலோ போட்டால், ரெசிஸ்டரில் விழும் 31 வோல்ட்டும் அதில் ஓடும் 9.4 மில்லி ஆம்பியரும் சேர்ந்து 290 மில்லி வாட் சூடு. கால் வாட் என்பது 250 மில்லி வாட். முதல் நாளே கருகாது. மெதுவாக நிறம் மாறி, போர்டைப் பழுப்பாக்கி, ஒரு கல்யாண வீட்டில் அணைந்துபோகும்.

அதே இடத்தில் 10 கிலோ போடுங்கள். 3.1 மில்லி ஆம்பியர், சூடு 96 மில்லி வாட். கால் வாட்டே நிம்மதியாக ஓடும். என் பழக்கம், வரும் சூட்டைப் போல இரண்டு மடங்கு தாங்குவதைப் போடுவது. டிரான்சிஸ்டரின் சூட்டை இழுக்கும் உலோகத் தகடான ஹீட் சிங்குக்குப் பக்கத்தில் என்றால் மூன்று மடங்கு.

ட்ரான்ஸ்ஃபார்மர்ல 12னு போட்டிருக்கு. 12க்குக் கணக்குப் போட்டா வெளிச்சம் தூக்கலா இருக்கே, ஏன்?

ட்ரான்ஸ்ஃபார்மரில் எழுதியிருப்பது ஏ.சி. அளவு. ஏ.சி.யை டி.சி.யாக மாற்றும் நான்கு டயோடு கொண்ட பிரிட்ஜ் வைத்து கண்டென்சர் போட்டதும் அது ஏ.சி. அலையின் உச்சிக்கு ஏறிக்கொள்ளும். 12ஐ 1.41ஆல் பெருக்கினால் 17. பிரிட்ஜின் இரண்டு டயோடு 1.4 தின்றது போக 15.6 வோல்ட். 2.2 கிலோவில் 4.5க்குப் பதில் 6.2 மில்லி ஆம்பியர் ஓடும். லோடு இல்லாத நேரத்தில் இன்னும் ஏறும். ஜெனரேட்டரில் ஓட்டும்போது கேட்கவே வேண்டாம். அதனால் எழுதியிருப்பதை விட்டுவிட்டு, மீட்டரை வைத்து டி.சி.யை அளந்த பிறகு கணக்குப் போடுங்கள்.

பிரிட்ஜ் எதுக்கு, ஏ.சி. வயர்லயே எல்.இ.டி.யை மாட்டிடலாமா?

மாட்டலாம், பாதுகாப்புக்கு ஒரு டயோடு வேண்டும். எல்.இ.டி. தலைகீழாகத் தாங்குவது வெறும் 5 வோல்ட். ஏ.சி. ஒவ்வொரு சுற்றிலும் ஒரு முறை தலைகீழாகும். எல்.இ.டி.க்குக் குறுக்கே, அதற்கு எதிர்த்திசையில் ஒரு 1என்4148 வைத்தால் தலைகீழ் வோல்ட் 0.7ஐத் தாண்டாது. பாதி நேரம்தான் எரிவதால் ரெசிஸ்டரைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம். ஆனால் ரெசிஸ்டரில் முழு நேரமும் கரண்ட் ஓடும், சூட்டுக் கணக்கில் அதை மறக்க வேண்டாம். ஆடியோ செட்டில் இந்த முறையை நான் விரும்புவதில்லை. காரணத்தை ஹம், அதாவது ஸ்பீக்கரில் கேட்கும் உறுமல் பற்றிய கேள்வியில் சொல்கிறேன்.

அப்படின்னா 230 வோல்ட்லயே ஒரு பெரிய ரெசிஸ்டர் போட்டு எரிச்சா ட்ரான்ஸ்ஃபார்மர்கூட வேண்டாமே?

இதைச் செய்யாதீர்கள். 100 கிலோ போட்டால் எல்.இ.டி. எரியும், கணக்கு சரிதான். ஆனால் முன்பக்கத்தில் விரல் படும் இடத்தில் இருக்கும் அந்தச் சின்ன விளக்கின் கால் மெயின்ஸோடு நேராகச் சேர்ந்திருக்கும். நம் ஊரில் கேபினெட்டுக்குள் உப்பும் ஈரமும் படிந்திருக்கும். கடல் மணலில் வெறுங்காலோடு நின்று செட்டைத் தொடுகிறோம். பல இடங்களில் எர்த் பின்னே இருக்காது. மெயின்ஸின் உச்சி 325 வோல்ட். சாதாரணக் கால் வாட் ரெசிஸ்டர் தாங்குவது 250 வோல்ட் அளவுதான். வாட் கணக்கு ஒத்துவந்தாலும் வோல்ட்டுக்கு அது தோற்றுவிடலாம்.

மெயின்ஸ் வருகிறதா என்று தெரிய வேண்டுமானால் 230 வோல்ட்டுக்கென்றே மூடி போட்டு வரும் பேனல் விளக்கையோ நியான் விளக்கையோ வாங்கி மாட்டுங்கள். மற்றபடி ட்ரான்ஸ்ஃபார்மருக்குப் பின்பக்கத்திலிருந்து எடுங்கள்.

பவர் விளக்கு எரியுது, ஆனா சத்தம் வரல. விளக்கை நம்பலாமா வேண்டாமா?

விளக்கு எங்கே இணைக்கப்பட்டிருக்கிறதோ அந்த இடத்தைப் பற்றி மட்டும்தான் அது பேசும். பெரும்பாலான செட்டில் அதை மெயின் கண்டென்சரிலிருந்தே எடுத்துவிடுகிறார்கள். அதற்குப் பிறகு உள்ள ஃப்யூஸ் போனாலும் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். மைக்செட் பையன் ஸ்பீக்கர் ஒயரை மாற்றி மாற்றிப் பார்த்துப் பொழுது போக்குவான். சில வருடங்களுக்கு முன் தேவிபட்டினத்தில் ஒரு விசேஷ வீட்டில் நானே அப்படி ஒரு மணி நேரம் தேடினேன். அன்றிலிருந்து என் கைக்கு வரும் ஒவ்வொரு ஆம்பிலும் இணைப்பை ஃப்யூஸுக்கு அந்தப் பக்கம், அதாவது அவுட்புட் டிரான்சிஸ்டர் இருக்கும் பக்கத்துக்கு மாற்றிவிடுகிறேன்.

பிளஸ், மைனஸ் இரண்டு சப்ளை உள்ள ஆம்ப் என்றால் இரண்டு விளக்கு வையுங்கள். பிளஸ் பக்கத்துக்கு ஒன்று, மைனஸ் பக்கத்துக்கு ஒன்று, இரண்டும் கிரவுண்டுக்கு. மைனஸ் பக்கத்தில் எல்.இ.டி.யைத் திருப்பிப் போட வேண்டும். 33 வோல்ட் என்றால், முன்பு சொன்ன அதே 10 கிலோ. ஒரு பக்க ஃப்யூஸ் போனால் அந்த விளக்கு மட்டும் மங்கும் அல்லது அணையும், ஸ்பீக்கரில் டி.சி. பாய்வதற்குள் சுவிட்சை அணைக்க ஒரு வாய்ப்பு கிடைக்கும். இரண்டு ரூபாய் வேலை. இதைவிட உபயோகமான விளக்கு ஆம்பில் வேறு கிடையாது.

ஆஃப் பண்ணியும் கொஞ்ச நேரம் எரிஞ்சுட்டுத்தான் அணையுது. ஏதும் கோளாறா?

கோளாறு இல்லை. மெயின் கண்டென்சரில் தேங்கிய மின்சாரம் வடிகிறது. ஆம்ப் நல்லபடி இருந்தால் அதுவே சீக்கிரம் குடித்துவிடும். ஃப்யூஸ் போன ஆம்பில், கண்டென்சரிலிருந்து நேராக எடுத்த விளக்கும் அதன் ரெசிஸ்டரும் மட்டுமே வடிகால். 4700 மைக்ரோ ஃபாரட், 10 கிலோ என்றால் சுமார் 47 நொடியில்தான் மூன்றில் ஒரு பங்குக்கு இறங்கும். அந்த விளக்கு முழுதாக அணைந்து, மீட்டரில் 2 வோல்ட்டுக்குக் கீழே வந்ததைப் பார்த்த பிறகு சால்டரிங் அயர்னை எடுங்கள். முந்தைய கேள்வியில் சொன்னபடி விளக்கை ஃப்யூஸுக்கு அந்தப் பக்கம் மாற்றியிருந்தால், கண்டென்சருக்குக் குறுக்கே 4.7 கிலோ ஒரு வாட் ரெசிஸ்டர் ஒன்றைத் தனியாகப் போட்டுவிடுங்கள்.

ரெண்டு மூணு எல்.இ.டி.க்கு ஒரே ரெசிஸ்டர் போட்டா?

ஒன்றன் பின் ஒன்றாகக் கோர்த்தால் போடலாம். எல்லாவற்றிலும் ஒரே கரண்ட் ஓடும். 33 வோல்ட்டில் மூன்று சிவப்பைக் கோர்த்தால் 6 வோல்ட் கழிந்து 27 மிச்சம், 10 கிலோவில் 2.7 மில்லி ஆம்பியர், அருமை. ஆனால் 12 வோல்ட்டில் மூன்று நீலத்தைக் கோர்த்தால் 9.5 அதற்கே போய்விடும். மிச்சம் இரண்டரை வோல்ட்தான் ரெசிஸ்டரின் பிடியில் இருக்கும். சப்ளை ஒரு வோல்ட் இறங்கினால் வெளிச்சம் பாதியை நெருங்கிவிடும்.

பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே ரெசிஸ்டரில் கட்டுவது கூடாது. ஒன்று 1.85 வோல்ட்டிலும் மற்றது 1.95 வோல்ட்டிலும் எரியும் வகையாக இருந்தால் முதலாவதே எல்லாவற்றையும் எடுத்துக்கொள்ளும். நிறம் வேறு என்றால் நீலம் எரியவே எரியாது. ரெசிஸ்டர் விலைக்கு இந்தச் சிக்கனம் தேவையில்லை.

பழைய சிவப்பை எடுத்துட்டு நீலம் போட்டேன். அதே ரெசிஸ்டர் இருக்கலாம்ல?

எரிந்துபோகாது. கழித்தலில் 2க்குப் பதில் 3 வருவதால் கரண்ட் கொஞ்சம் குறையத்தான் செய்யும். ஆனால் கண் கூசும். 12 வோல்ட்டில் 2.2 கிலோ இருந்த இடத்தில் 15 அல்லது 22 கிலோ போடுங்கள். ஏன் என்பதை மில்லி ஆம்பியர் கேள்வியில் சொல்லியிருக்கிறேன்.

எல்.இ.டி. போட்டதுக்கு அப்புறம் ஸ்பீக்கர்ல டிக் டிக்னு கேக்குது. ஹம்மும் ஏறிடுச்சு. விளக்குனாலயா?

ஆமாம், பெரும்பாலும் அதன் கிரவுண்ட் ஒயரால். எல்.இ.டி.யின் கரண்ட் எப்படியும் திரும்பிப் போக ஒரு பாதை வேண்டும். அந்தப் பாதையை மைக் இன்புட்டின் கிரவுண்டிலேயே கட்டிவிட்டால் வந்தது வினை. பாதையின் மின்தடை 0.1 ஓம் என்று வைத்தாலும், 3 மில்லி ஆம்பியர் ஓடும்போது 0.3 மில்லி வோல்ட் எழும். மைக்கிலிருந்து வரும் ஒலியே சில மில்லி வோல்ட்தான். மாறாமல் எரியும் விளக்கு என்றால் அந்த 0.3 நிலையாக நிற்கும், காதுக்குக் கேட்காது. தானே மின்னும் எல்.இ.டி. போட்டால் ஒவ்வொரு மின்னலுக்கும் ஒரு டிக். ஏ.சி.யிலிருந்து நேராக எடுத்தால் 50 ஹெர்ட்ஸ் உறுமல். முன்னே சொல்லாமல் விட்ட காரணம் இதுதான்.

சரி செய்ய வழி எளிது. விளக்கின் நெகட்டிவ் ஒயரைத் தனியாக இழுத்து மெயின் கண்டென்சரின் கிரவுண்டில் கட்டுங்கள். மைக் ஒலியை முதலில் பெருக்கும் ப்ரீ ஆம்ப் போர்டில் எதையும் தொங்கவிடாதீர்கள். பாட்டுக்கு ஏற்ப ஆடும் விளக்கு வரிசை கட்டாயம் வேண்டும் என்றால், அதன் சப்ளையில் 100 ஓம் ஒன்றும் அதற்குப் பின்னால் 470 மைக்ரோ ஃபாரட் கண்டென்சர் ஒன்றும் வைத்து மற்ற போர்டிலிருந்து பிரித்துவிடுங்கள். மின்னும் எல்.இ.டி.யை மிக்ஸரில் போடவே வேண்டாம் என்பது என் முடிவு.

மிக்ஸர்ல 48 வோல்ட் ஃபேன்டம் இருக்கான்னு காட்ட எது போடலாம்?

ஃபேன்டம் என்பது சில மைக்குகளுக்கு மிக்ஸரே மைக் ஒயர் வழியாகக் கொடுக்கும் 48 வோல்ட் சப்ளை. அதைக் காட்டும் சிவப்புக்கு 22 கிலோ, கால் வாட். 2.1 மில்லி ஆம்பியர், சூடு 100 மில்லி வாட்டுக்குள். சின்ன மிக்ஸரில் 48 வோல்ட் சப்ளைக்கு அதிகத் தெம்பு இருக்காது. விளக்கே அதைக் குடித்துவிட்டால் மைக்குக்கு மிச்சம் இருக்காது.

வி.யூ. மீட்டர் போர்டுல பத்து எல்.இ.டி. இருக்கு, ஒண்ணுக்குக்கூட ரெசிஸ்டர் இல்லையே?

வி.யூ. மீட்டர் என்பது ஒலியின் அளவை விளக்கு வரிசையில் காட்டுவது. அதில் இருக்கும் எல்.எம். 3915 போன்ற ஐ.சி. தானே கரண்டை அளந்து அனுப்பும். ஏழாவது காலிலிருந்து போகும் ஒரே ஒரு ரெசிஸ்டர்தான் பத்துக்கும் அளவு வைக்கிறது. அந்தக் காலில் 1.25 வோல்ட் நிற்கும். அங்கே ஓடும் கரண்டைப் போலப் பத்து மடங்கு ஒவ்வொரு எல்.இ.டி.யிலும் ஓடும். 1.2 கிலோ என்றால் சுமார் 10 மில்லி ஆம்பியர், 2.7 கிலோ என்றால் 5க்குக் கொஞ்சம் குறைவு. வெளிச்சம் கூடிப்போனால் மாற்ற வேண்டியது இதைத்தான். ஆனால் அதே காலைச் சுற்றித்தான் எத்தனை வோல்ட்டில் எந்த விளக்கு எரியும் என்ற அளவும் அமைந்திருக்கும். மாற்றிய பிறகு அளவை ஒரு முறை சரிபாருங்கள்.

பத்தும் சேர்ந்து எரியும் பார் முறையில் ஐ.சி. கொதிப்பதைப் பலர் கவனிப்பதில்லை. எல்.இ.டி.களுக்கு 12 வோல்ட் கொடுத்தால் ஐ.சி.க்குள் மட்டும் ஒரு வாட் சூடு. எல்.இ.டி. சப்ளையை மட்டும் 5 வோல்ட்டுக்கு இறக்கினால் அது 0.3 வாட் ஆகிவிடும். ஐந்து விளக்கு உள்ள கே.ஏ. 2284 போர்டு தன் பாட்டுக்குச் சுமார் 15 மில்லி ஆம்பியர் அனுப்பும். அதில் அளவு மாற்றக் கால் கிடையாது.

ஹாரன் லைன்ல சத்தம் போகுதான்னு பார்க்க ஒரு விளக்கு வைக்கலாமா?

நல்ல யோசனை. கம்பத்தில் ஏறாமலே எந்த லைன் அறுந்தது என்று தெரியும். தூரத்து ஹாரன்களுக்கு ஒலியை 100 வோல்ட் வரை ஏற்றி அனுப்பும் 100 வோல்ட் லைனில் இரண்டு எல்.இ.டி.யை ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் கட்டி, 47 கிலோ அரை வாட் ரெசிஸ்டரோடு லைனுக்குக் குறுக்கே வையுங்கள். முழுச் சத்தத்தில் உச்சிக் கரண்ட் 3 மில்லி ஆம்பியர், சூடு 0.2 வாட். ஒலியின் இரண்டு பக்க அலைக்கும் ஒவ்வொன்று எரியும், ஒன்றை ஒன்று காப்பாற்றும். லைன் அறுந்த இடத்துக்கு அந்தப் பக்கம் இருப்பவை அணைந்திருக்கும். மூடி போட்டே வையுங்கள். 100 வோல்ட் லைனும் ஷாக் அடிக்கும்.

50 வாட், 8 ஓம் ஸ்பீக்கர் என்றால் முழுச் சத்தத்தில் 20 வோல்ட்தான். அதே இரண்டு எல்.இ.டி.க்கு 2.2 கிலோ அரை வாட் போதும்.

படகுல 12 வோல்ட், 24 வோல்ட் பேட்டரி. அதுக்கு எது?

பேட்டரியில் எழுதியிருக்கும் எண்ணை நம்ப வேண்டாம். இன்ஜின் ஓடும்போது 12 வோல்ட் பேட்டரி 14.4 வரை ஏறும், 24 என்றால் 28.8. இறங்கிப்போன பேட்டரி 11, 22 என்று நிற்கும். 12க்கு 4.7 கிலோ போட்டால் 1.9லிருந்து 2.6 மில்லி ஆம்பியருக்குள் ஆடும். 24க்கு 10 கிலோ, அதே போலத்தான். சிவப்புக்கான கணக்கு இது. விசைப்படகிலோ வள்ளத்திலோ பேட்டரியைக் கழற்றி மாட்டும்போது பிளஸ் மைனஸ் மாறிப்போவது சகஜம். அதனால் ஒரு 1என்4007 டயோடை எல்.இ.டி.க்கு முன்னால் வரிசையாகவும், ஒரு 1என்4148ஐ எல்.இ.டி.க்குக் குறுக்கே எதிர்த்திசையிலும் வைத்துவிடுங்கள்.

பேட்டரி மைக்குக்கு விளக்கு வெச்சா பேட்டரி சீக்கிரம் போயிடுதே?

9 வோல்ட் சின்ன பேட்டரியில் நல்லதாக இருந்தால் 500 மில்லி ஆம்பியர் மணி நேரம் இருக்கும். விளக்குக்கு 10 மில்லி ஆம்பியர் கொடுத்தால் மைக்கை விட்டுவிட்டாலும் விளக்கு மட்டுமே 50 மணி நேரத்தில் தீர்த்துவிடும். பளிச்சென்ற வகைச் சிவப்பை 10 கிலோவோடு போடுங்கள். 0.7 மில்லி ஆம்பியரில் கையில் பிடித்திருப்பவருக்குத் தெரியும் அளவு எரியும்.

மதுரையில வருஷக்கணக்கா ஓடுற செட்டு இங்க வந்தா ஆறு மாசத்துல எல்.இ.டி. அணைஞ்சுடுது. ரெசிஸ்டர் தப்பா?

கணக்கு தப்பாக இருக்காது, காற்றுதான். உப்பு சுமார் 75 சதவீத ஈரப்பதத்துக்கு மேல் காற்றிலிருந்து நீரை இழுத்து நனைந்துகொள்ளும். நம் கரையில் ராத்திரியில் அந்த ஈரம் எப்போதும் உண்டு. நனைந்த உப்பில் டி.சி. ஓடினால் பாசிட்டிவ் பக்கத்து உலோகம் கரையத் தொடங்கும். செம்பு பச்சை பூக்கும், இரும்பு துருவாகும். எல்.இ.டி.யின் கால் பெரும்பாலும் வெள்ளீயம் பூசிய இரும்புதான். மலிவான ரெசிஸ்டர்களின் காலும் அப்படியே. பழைய ஸ்பீக்கர் காந்தத்துண்டு ஒன்றைக் கொண்டுபோய்க் கடையில் ரெசிஸ்டரின் காலில் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் உள்ளே இரும்பு. ஒட்டாத செம்புக் கால் ரெசிஸ்டர் மதுரை டவுன்ஹால் ரோட்டிலோ சென்னை ரிச்சி தெருவிலோ கேட்டால் கிடைக்கும். மெட்டல் ஃபிலிம் என்று கேளுங்கள்.

துடைப்பதிலும் ஒரு தப்பு நடக்கிறது. எல்லாரும் ஐ.பி.ஏ. (ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால்) திரவத்தைப் பஞ்சில் நனைத்துத் துடைக்கிறார்கள். உப்பு அதில் சரியாகக் கரையாது, இடம் மட்டும் மாறும். முதலில் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்ட் வாட்டரில் பிரஷ் போட்டுக் கழுவுங்கள். பிறகு ஐ.பி.ஏ. ஊற்றினால் தண்ணீரை அது துரத்திவிடும். ஒரு நாள் வெயில் படாமல் காயவிட்டு, எல்.இ.டி. காலிலும் ரெசிஸ்டரிலும் அக்ரிலிக் லாக்கர் அடியுங்கள். கழுவாமல் லாக்கர் அடித்தால் உப்பை உள்ளே வைத்துப் பூட்டியதாகிவிடும். கால்களை நீளமாக விடாமல் குட்டையாக வெட்டி, ஒயர் சேரும் இடத்தில் ஸ்லீவ் போடுங்கள். கச்சான் எனப்படும் மேற்குக் காற்று வீசும் மாதங்களுக்கு முன்னால் இதைச் செய்துவிட்டால் அடுத்த வருடம் வரை நிற்கும்.

சுவிட்சை ஆஃப் பண்ணியும் மின்மினி மாதிரி லேசா எரியுது. நேத்துதான் புது எல்.இ.டி. போட்டேன்.

புதுசு என்பதால்தான் தெரிகிறது. இன்றைய பச்சை, நீல எல்.இ.டி.கள் 10 மைக்ரோ ஆம்பியரிலேயே இருட்டில் ஒளி காட்டும். சுவிட்சிலோ போர்டிலோ படிந்த உப்பு வழியாக அவ்வளவு கசிந்தால் போதும். முந்தைய பதிலில் சொன்னபடி கழுவினால் பல நேரம் நின்றுவிடும். நிற்கவில்லை என்றால் எல்.இ.டி.யின் இரண்டு காலுக்கும் குறுக்கே ஒரு 10 கிலோ ரெசிஸ்டர் போடுங்கள். கசிவு அதன் வழியே போய்விடும். 0.1 வோல்ட்தான் எழும், அதில் எந்த எல்.இ.டி.யும் எரியாது. சுவிட்ச் போட்டிருக்கும்போது அது எடுத்துக்கொள்வது 0.2, 0.3 மில்லி ஆம்பியர். அரை மில்லியில் ஓட்டும் நீலத்துக்கு 10க்குப் பதில் 47 கிலோ போடுங்கள்.

இதெல்லாம் ட்ரான்ஸ்ஃபார்மருக்குப் பின்பக்க விளக்குக்கு. மெயின்ஸில் மாட்டிய விளக்கு ஆஃப் செய்தும் மினுங்கினால், சுவிட்ச் நியூட்ரலை அறுக்கிறது, ஃபேஸ் உள்ளேயே நிற்கிறது என்று அர்த்தமாக இருக்கலாம். அந்தச் செட்டை பிளக்கைப் பிடுங்காமல் திறக்காதீர்கள்.